காந்தம் ஒட்டாத குழாய்

தங்கச்சி ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடக்கிறாள் என்று சேதி வந்தபோது மெக்கானிக் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். போட்டது போட்டபடி ஓடினான்.

மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, துறைமுகத்திலிருந்து மீன் பெட்டிகளோடு வந்து கொண்டிருந்தாள். தலை சுற்றி, கண் இருட்டி, அந்தப் பழைய பிக்கப் ஒரு குடோன் சுவரில் உரசி நின்றிருந்தது. வெளியே இழுத்துப் போட்டவர்கள் உள்ளே ஒரே புகை நாற்றம் என்றார்கள். ஒரு நாள் முழுக்க ஆக்சிஜன் வைத்த டாக்டர், "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா..." என்றார்.

காரணம் அவனுக்குத் தெரியும். இன்ஜின் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்பும் நாலு குழாய்ச் சாமான், ஹெட்டர். போன வருஷம் பெயின்ட் அடித்த சாதா இரும்பில் வாங்கி மாட்டியவன் அவன்தான். துறைமுகத் தரையிலிருந்து தெறித்த உப்புத் தண்ணீர் ஒரே வருஷத்தில் அதை அரித்துவிட்டது. போன மாதம் டிக் டிக்கென்று சத்தம் கேட்டதும், ஓட்டையில் பசையைப் பூசி, "ஒண்ணுமில்ல, ஓட்டு" என்று அனுப்பியவனும் அவன்தான். பசை விரிசல் விட்டு, அந்த ஓட்டை வழியாகப் புகை கேபினுக்குள் ஏறியிருக்கிறது. பசை பூசியது தங்கச்சிக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அவளும் கூட வந்தாள். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது.

கடைக்காரர் பளபளக்கும் ஒன்றை எடுத்து வைத்தார். "ஸ்டெயின்லெஸ். கண்ணை மூடிட்டு மாட்டலாம்."

மெக்கானிக் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்தான். டப்பென்று ஒட்டியது; நல்ல ஸ்டெயின்லெஸ்ஸில் பெரும்பாலும் ஒட்டாது.

"ஒட்டுனா என்னப்பா? ஸ்டெயின்லெஸ்லயே ஒட்டுற வகையும் இருக்கு."

அது பொய்யில்லை. அதனால் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தான். விரல் செம்பழுப்பாய் வந்தது. வெளியே முலாம், உள்ளே வெறும் இரும்பு. விரலை அவர் முன்னால் நீட்டினான். கடைக்காரர் முகம் தொங்கியது.

"இந்தக் கறுப்புப் பூச்சு போட்டது எப்படிண்ணே?" என்று தங்கச்சி இன்னொன்றைத் தொட்டாள்.

"நல்ல பூச்சுதான். ஆனா ஸ்பேனர் பட்டு ஒரு கீறல் விழுந்தாப் போதும், அங்கேயிருந்து அரிக்க ஆரம்பிச்சிடும்."

கடைசியில் மேல் தட்டிலிருந்து மங்கலான ஒன்று இறங்கியது. காந்தம் வழுக்கி விழுந்தது. உள்ளேயும் சுத்தம். இன்ஜினோடு சேரும் தகடு விரல் கனம்; சூட்டில் வளையாது.

"இதுதான்," என்றான்.

"போன வருஷமும் இதே மாதிரி இதுதான்னு சொன்ன," என்றாள் அவள். அவன் பணத்தை எண்ணி வைத்தான்.

பட்டறையில் பழையதைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. கடைசி போல்ட் துருவேறி அசைய மறுத்தது. உடைந்தால் இன்ஜினின் மேல்பகுதியையே கழற்ற வேண்டும். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினான். கிரீச்சென்று நகர்ந்தது. பழைய குழாய் கையோடு வந்தது. அதன் வயிற்றில் காய்ந்த பசை.

தங்கச்சி குனிந்து பார்த்தாள். "இது என்ன?"

சமாளிக்க நாலு பதில் நாக்கு நுனியில் நின்றன. அவற்றை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "ஓட்டைன்னு தெரியும். நான்தான் பூசினேன். உன்கிட்ட சொல்லல."

அவள் நிமிர்ந்து போய்ச் சுவரோரம் நின்றாள். அவன் புதியதை மாட்டி, கேபின் தரையில் இருந்த துவாரங்களையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தான். ஸ்டார்ட் செய்து ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தான். ஒரு குமிழ்கூட வரவில்லை. திரும்ப ஒரு சுற்று தெளித்துப் பார்த்தான்.

"சரியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஏறு. துறைமுகம் வரைக்கும் கூட வா."

கைகூடத் துடைக்காமல் பக்கத்து சீட்டில் ஏறினான். அவள் கியரைப் போட்டாள்.

"இனிமே எங்கயாவது சத்தம் கேட்டா," என்றாள், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "என்கிட்டத்தான் முதல்ல சொல்லணும்."