கிணற்றில் இறக்கிய வைன்

என் அப்பா நேசையனின் வாயை அடக்க அந்தக் கர்த்தராலும் முடியாது. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுத் துரை வீட்டில் இருபத்திரண்டு வருஷம் குசினிக்காரராகச் சமையல் பார்த்தவர். துரை ஊருக்குக் கப்பலேறியபோது இரண்டு குப்பி வெள்ளை வைனைக் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றை வேட்டியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டு அப்பா செங்கல் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். துரைக்குப் பிரான்சின் தென்மேற்கு மூலை. மற்ற வெள்ளைக்காரர்கள் பேர்போன போர்தோ வைனைக் குடிக்கும்போது, இவர் மட்டும் தன் பக்கத்து ஊர்களில் உண்டாகும், யாருக்கும் பேர் தெரியாத வைன்களை வரவழைப்பாராம். எங்களிடம் இருந்ததில் ஒன்று கயாக், மற்றது தூர்ஸான். துரை மிச்சம் வைத்த கிளாசுகளில் நாக்கை நனைத்து அப்பா கண்டுபிடித்த ருசிகள் அவை.

"பேருதான் இல்ல மக்கா. இனிப்பு ஒரு துளி கெடையாது. இனிப்பு வைன் பிள்ளியளுக்கு உள்ளதாக்கும்," என்பார். சாராயக் குப்பி வீட்டில் இருந்தாலே கேஸ் போடுகிற காலம். வெளியே சொல்லாதீர்கள் என்று நூறு தடவை கெஞ்சியிருப்பேன்.

அது 1954 ஆகஸ்ட். எங்கள் பகுதி மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ராஜதாஸ் பாறசாலைச் சந்தையில் போராட்ட நோட்டீஸ் கொடுத்தவர். அவரோடு நின்ற எலியாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நாலாம் நாள் ஊர்க்காரர்கள் அவனைப் பெஞ்சில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். பெற்ற தாயையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்று காலை ஜீப் சத்தம் கேட்டதும் ராஜதாஸ் கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் குந்தியிருக்கிற அளவுக்கு அதில் ஒரு பொந்து உண்டு. மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாது.

எஸ்.ஐ. சோமனும் இரண்டு போலீஸ்காரர்களும் வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். ஆள் கிடைக்கவில்லை, குப்பிதான் கிடைத்தது. கயாக்கைத் திறந்து ஒரு வாய் குடித்த சோமன் முற்றத்தில் துப்பினார்.

"இது வினாகிரியல்லே?"

வினிகருக்குக் கேஸ் எதற்கு என்பதுபோல் குப்பியை அப்பாவின் கையில் திணித்துவிட்டு நடந்தார். வேலிப் படலை வரைக்கும் போய்விட்டார். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் நான் மூச்சு விட்டிருப்பேன்.

"சூடா குடிச்சா அப்படித்தான் இருக்கும் ஏமானே," என்றார் அப்பா. "இத குளுப்பிச்சுல்லா குடிக்கணும்!"

சோமன் திரும்பினார். "எங்ஙனெ தணுப்பிக்கும்?"

குளிர வைக்கக் கிணற்றை விட்டால் வேறு இடம் இல்லை என்பது அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது. பாழாய்ப்போன கண் கிணற்றுப் பக்கம் போய் வந்தது.

"கொள்ளாம். கிணற்றில் இறக்கு," என்றார் சோமன்.

அப்பா குப்பியை அடைத்துக் கழுத்தில் கயிறு கட்டினார். "ஏமானுக்குக் குளுப்பியதுக்கு எறக்குதோம்!" என்று கீழே கேட்கும்படி கத்திக்கொண்டே நான் கயிற்றை விட்டேன். சோமன் கிணற்றுச் சுவரிலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். சாம்பலை உள்ளேதான் தட்டினார். ராஜதாஸுக்கு மூன்று நாளாக இருமல். அந்த அரை மணி நேரத்தில் நான் சொல்லாத ஜெபம் இல்லை.

குளிர்ந்த வைனைக் குடித்ததும் சோமனின் முகம் மாறியது. இன்னொரு முறை ஊற்றச் சொன்னார். அப்பாவுக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார். நானும் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல இருந்தது. அப்பாவின் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. மருமகன் கீழே விறைத்துக் கிடக்கிறார், இவர் தூர்ஸானின் பெருமையைச் சொல்லிக்கொண்டே அடுத்த குப்பிக்கு முடிச்சுப் போடுகிறார்.

பேச்சு சுவாரசியத்தில் போட்ட முடிச்சு. பாதிக் கிணற்றில் கயிறு சட்டென்று இலேசானது. குப்பி நழுவிவிட்டது.

தண்ணீரில் விழும் சத்தத்துக்காக எல்லாரும் காத்தோம். சத்தம் வரவில்லை.

எனக்கு மட்டும் புரிந்தது. ராஜதாஸ் பிடித்துவிட்டார். சோமன் எட்டிப் பார்க்கக் குனிவதற்குள், மிச்ச வைனோடு சுவரில் இருந்த கயாக் குப்பியை முழங்கையால் தட்டிவிட்டேன். தொபீரென்று விழுந்தது.

"ரெண்டும் போயி!" சோமன் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். காது அடைத்துக்கொண்டது. திட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். அந்த அடியை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

ராஜதாஸ் மேலே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. மடியில் தூர்ஸான் குப்பி. அதை அப்பாவிடம் நீட்டினார்.

"ஒங்களுக்க கடேசிக் குப்பியில்லா மாமா. ஒடஞ்சிரும்னு பிடிச்சேன்."

அப்பா அதை வாங்கவில்லை. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அப்போது தூரத்து வளைவில் ஜீப் நிற்பது கேட்டது. பிறகு திரும்பும் சத்தம். இரண்டு குப்பி விழுந்தும் ஒரு சத்தம்தான் கேட்டது என்பது சோமனுக்கு அங்கே போன பிறகு உறைத்திருக்க வேண்டும்.

ராஜதாஸ் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் புகுந்து மலையடியில் இருக்கும் வெள்ளறடைப் பக்கம் ஓடினார். இலைகள் அசைவது படலையிலிருந்து பார்த்தால் தெரியும். மலையடிக்குப் போய்ச் சேர அவருக்கு நேரம் வேண்டும்.

குப்பியை எடுத்து அப்பாவின் கையில் வைத்தேன்.

"இப்பம் பேசுங்க அப்பா," என்றேன். "ஒங்களால ஆவுற மட்டும் பேசுங்க."