செக்கின் பின்பக்கம்

இப்போதெல்லாம் யாருக்கும் கணக்குப் பார்க்கிற பழக்கமே கிடையாது. போன் 'டிங்' என்றால் போதும், பணம் போய்விட்டது என்று நம்பிவிடுகிறார்கள். எவன் எடுத்தான், எதற்கு எடுத்தான், ஒரு கேள்வி கிடையாது. கேட்கிற நம்மைப் பார்த்துத்தான் சிரிப்பு.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கொத்தனார். நூல் பிடித்துப் பார்க்காமல் ஒரு வரிசை செங்கல் வைத்ததில்லை. மாசம் பிறந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் செக் புத்தகத்தின் அடிக்கட்டைகளையும் மேசையில் விரித்து, ஸ்கேல் வைத்து, வரி வரியாக டிக் அடிப்பேன்.

ரெண்டு மாசமாக நேராகவில்லை. என் நோட்டில் இருப்பதைவிட பேங்கில் பதினெட்டாயிரம் அதிகம்.

"அதிகம்தானேப்பா? குறைஞ்சாத்தானே கவலை?" என்றான் மகன்.

"உன் தட்டுல அடுத்தவன் சோறு கிடந்தா சந்தோஷமா திம்பியா?"

போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பேங்கில் கவுன்டர் பெண் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "நாப்பத்தொண்ணாம் நம்பர் செக் இன்னும் வரல தாத்தா. வாங்கினவங்க போடல. வெள்ளிக்கிழமைக்கு மேல அது செல்லாது."

நான் உனக்கு எந்த வகையில் தாத்தா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு அடிக்கட்டையைப் புரட்டினேன். நாற்பத்தொன்று, தங்கச்சி.

என் வீட்டுக்காரி கடைசி நாலு மாசம் படுத்த படுக்கை. தினம் வந்து குளிப்பாட்டி, துணி துவைத்து, ஊட்டிவிட்டவள் தங்கச்சிதான். காரியமெல்லாம் முடிந்ததும் செக் எழுதிக் கொடுத்தேன். யார் வேர்வையையும் சும்மா வாங்கி எனக்குப் பழக்கமில்லை. போனவள் தலையில் கடன் நிற்கக் கூடாது.

தங்கச்சியின் தையல் கடை ரெண்டு தெரு தள்ளி. ஒரு புதுப் பேண்ட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள்; பேண்ட்டுக்காரர் பக்கத்தில் காத்திருந்தார்.

"செக்கை ஏன் போடல?"

"வா அண்ணே, உட்காரு, தண்ணி குடின்னு சொல்லுவேன்னு பாத்தியா? மாட்டேன்."

பட்டன் டப்பாவிலிருந்து செக்கை எடுத்துத் திருப்பி, மேசைமேல் அறைந்தாள். "படி."

எதற்குக் கொடுத்தேன் என்று செக்கின் பின்னால் எழுதிவைப்பது என் வழக்கம். நாளைக்கு எவனும் இல்லை என்று சாதிக்கக் கூடாதே. 'நோயாளியைப் பார்த்துக்கொண்ட கூலி, 120 நாள்' என்று எழுதியிருந்தேன்.

"சரியாத்தானே இருக்கு? நாள் குறையுதா?"

"கூலி! எங்க அண்ணிக்கு நான் கூலிக்காரி, இல்ல?"

"கூலின்னா கேவலமா? சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலி வாங்கித்தான் உன்னைக் கட்டிக்கொடுத்தேன்."

"அதுலயும் நாளைக்கு நூத்தம்பது! இந்த ஒரு பேண்ட்டுக்கே நான் அதைவிட அதிகம் வாங்குறேன்."

"அப்ப குறைச்சல்னு சொல்லேன். சேத்து எழுதுறேன்." பேனாவை எடுத்தேன்.

அவ்வளவுதான். கத்திரிக்கோலை அவள் வீசிய சத்தத்தில், பேண்ட்டுக்காரர் அப்புறம் வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

"உன் மண்டையில இருக்கிறது மூளையா, சிமெண்ட்டா? கடைசி நாள் அவ என் கையைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தா. அதுக்கு என்ன ரேட்டு? சொல்லு!"

எனக்கும் சுள்ளென்று ஏறிவிட்டது. "கையைப் பிடிச்சது உங்க ரெண்டு பேர் விவகாரம். துவைச்சது, குளிப்பாட்டினது வேலை. வேலைக்குக் காசு. நீ வாங்கலேன்னா அவ கடன்காரியாப் போனதா ஆகும்."

"கடன்னு அவ சொன்னாளா?"

பேச வாயில்லாதவளைச் சாட்சிக்கு இழுக்கிறாள்.

வீசிய கத்திரிக்கோலைக் குனிந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "அந்த வரியை மட்டும் அடிச்சிடு அண்ணே. 'தங்கச்சிக்கு'ன்னு எழுது. இன்னைக்கே போய்ப் போட்டுடுறேன்."

பேனா கையில்தான் இருந்தது. ஆனால் 'தங்கச்சிக்கு' என்று கொடுத்தால் அது அன்பளிப்பு. கூலி பாக்கி அப்படியே நிற்கும். இந்தச் சின்ன விஷயம் ஏன் இவளுக்கு ஏறவில்லை?

"பொய் எழுத மாட்டேன்."

"அப்ப உன் கணக்கு நேராகவே வேண்டாம்." செக்கை டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"வெள்ளிக்கிழமை தாண்டினா இன்னொண்ணு எழுதுவேன், பாத்துக்க!" என்று தெருவில் இறங்கிக் கத்தினேன். மிஷின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

கூலி என்கிற வார்த்தையில் என்ன தப்பு என்று தெருமுனை வரை யோசித்துக்கொண்டே நடந்தேன். ஒரு தப்பும் இல்லை.