தும்பியின் மட்டைக்கு எந்த நரம்பு

தும்பியின் அப்பா அவள் கையிலிருந்த டென்னிஸ் மட்டையை வாங்கி, குறுக்கும் நெடுக்கும் ஓடிய நரம்புகளைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அவ்வளவுதான், முகம் சுண்டிவிட்டது. லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது அவர் உத்தியோகம். பன்னிரண்டாவது மாடிக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற கம்பிவடத்தைத் தொட்டுப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லிவிடுவார். அவர் பெற்ற மகள் இத்தனை நாளும் இப்படி ஒரு தொளதொளப்பை வைத்துக்கொண்டா பழகினாள் என்பது அவருக்குத் தாங்கவில்லை. அன்று மாலையே அப்பா, அம்மா, தும்பி மூன்று பேரும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் மட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றார்.

"பொண்ணுக்கு. பதினாலு வயசு. இப்பதான் சேர்ந்திருக்கா."

கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு சுருளை எடுத்து வைத்தார். மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கிய மெதுவான நரம்பு. "இத கொஞ்சம் தளர்வா கட்டித் தரேன். கத்துக்கறப்ப பந்து மட்டையில கோணல்மாணலாத்தான் படும். அந்த அதிர்ச்சிய நரம்பு வாங்கிக்கணும். இல்லன்னா கை வாங்கிக்கும்."

"தளர்வாவா?" அப்பா சிரித்தார். அந்தச் சொல்லைப் பெரியவர்கள் முன்னால் சொல்லக்கூடாத சொல்லாகவே அவர் நினைத்தார். "எங்க வேலைல அந்தப் பேச்சுக்கே இடமில்ல. இருக்கறதுல கெட்டி எது?"

"இந்தாங்க, இது பாலியஸ்டர். போட்டிக்குப் போறவங்க, பந்த வெளுத்து வாங்கறவங்க போடறது. பிஞ்சுக் கைக்கு ஆகாது."

"இதையே போடுங்க. மட்டை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு இறுக்குங்க."

கடைக்காரர் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார், கேட்காவிட்டால் வேலையைப் பார்ப்பார். கறுப்பு நரம்பை இயந்திரத்தில் மாட்டி இழுக்க ஆரம்பித்தார். முடிந்ததும் அப்பா மறுபடி கட்டைவிரலை வைத்தார். இம்முறை நரம்பு அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து வெள்ளை நாடாவை எடுத்துக் கிழித்து, தேதி எழுதி, மட்டையின் கழுத்தில் ஒட்டினார். சோதித்து முடித்த லிஃப்டில் ஒட்டுகிற மாதிரியேதான். அப்படி ஒட்டிவிட்டால் ஆறு மாதத்துக்கு அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்த வீட்டில் எல்லாமே அப்படி. குழாயை அவர் மூடினால் மற்றவர்கள் இரண்டு கையும் போட்டுத்தான் திறக்க வேண்டும். துணிக்கொடி விறைத்துக்கொண்டு நிற்கும், ஈரத்துண்டு போட்டாலும் தொய்யாது. ஊறுகாய் பாட்டிலைத் திறக்க வேண்டுமானால் அவர் வேலையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லித் தும்பியும் அம்மாவும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த காலம் உண்டு.

அவர் அடிக்கிற ஆள் இல்லை. கத்துகிற ஆளும் இல்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அம்மா பல தடவை நினைத்திருக்கிறாள். மனசுக்கு ஒவ்வாதது நடந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். சாப்பிடுவார், வேலைக்குப் போவார், வருவார், பேச மட்டும் மாட்டார். நடந்தது யார் தப்பாக இருந்தாலும் பேச்சு நிற்பது எல்லோரோடும்தான். அந்த நாட்களில் வீட்டில் தட்டைக் கீழே வைப்பதற்குக்கூடப் பயமாக இருக்கும்.

புது நரம்பு போட்டுச் சில வாரம் ஆனது. ஒருநாள் தும்பி இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் அம்மா. ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பெண் கை மாற்றி வாருவதைப் பார்க்காமல் இருப்பாளா?

"கை என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

"நீட்டு."

முழங்கையின் வெளிப்பக்கத்தில் விரலை வைத்ததும் தும்பி பல்லைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் முதலில் அவள் பார்த்தது கூடத்துப் பக்கம்தான், அப்பா இருக்கிறாரா என்று.

"அப்பாகிட்ட சொல்லாத."

அம்மாவும் சொல்லவில்லை. ஒரு சான்றிதழை அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபிறகு அது தப்பு என்று யாரும் சொல்லி அவள் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக ஒரு யோசனை செய்தாள். அதை நினைத்ததும் வந்தது பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் தும்பி பள்ளிக்கூடம் போனதும் அம்மா மட்டையைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். "அண்ணா, அன்னைக்கு நீங்க முதல்ல காட்டினீங்களே, அந்த மெது நரம்பு. அதுல கறுப்பு இருக்கா? பார்க்க இதே மாதிரி இருக்கணும்."

கடைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் நாலைந்து சுருள்களைக் கொண்டுவந்து போட்டார். அவள் ஒவ்வொன்றையும் பழைய நரம்பின் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று பளபளத்தது, வேண்டாம் என்றாள். இன்னொன்று பருமன். கடைசியில் கிடைத்தது அச்சு அசலாக இருந்தது.

"எவ்வளவு இறுக்கம்?"

"கை வலிக்காத அளவு."

"நல்லா தளர்வா போடறேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. தளர்வா இருந்தா நரம்பு பந்தை உந்தித் தள்ளும். அதே அடிக்கு இன்னும் தூரமாப் போகும். கொஞ்ச நாள் கோட்டுக்கு வெளியதான் விழும், பழகினா சரியாயிடும்."

"போனா போகட்டும்," என்றாள் அம்மா. பந்து எங்கே விழுந்தால் என்ன, அவளுக்குப் பெண்ணின் கைதான் கவலை. வெள்ளை நாடா கிழியாமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் சொன்னாள்.

தும்பியிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அந்தப் பெண்ணின் முகமே காட்டிக்கொடுத்துவிடும். முதல் வாரத்தில் தும்பி வலது கையால் தலை வாரினாள். "இப்ப அவ்வளவா வலிக்கலம்மா," என்றாள். அம்மாவுக்கு அன்று முழுக்க வேலை ஓடவேயில்லை, சும்மா சும்மா சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மைதானத்துக்கு வந்தார். கம்பிவலைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தும்பி அடித்த முதல் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. அடுத்ததும் வெளியே. அதற்கடுத்தது பின்னால் இருந்த வலையிலேயே போய் மோதியது. பயிற்சியாளர், "பரவாயில்ல, போகப் போக வந்துடும்," என்றார். தும்பி பந்தைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடும்போதும் பேசவில்லை. மறுநாள் ஒரு கூடை நிறையப் பழைய பந்து வாங்கிக்கொண்டு வந்து கதவோரம் வைத்தார்.

"மெஷின்ல கோளாறு இல்ல," என்றார் பொதுவாக, சுவரைப் பார்த்து. "மட்டை சரியா இருக்கு. அப்ப கோளாறு ஆடறவகிட்டதான்."

அன்றிலிருந்து பயிற்சி முடிந்தபிறகும் தும்பியை வீட்டுக்கு விடவில்லை. வெளியே விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் மறுபடி ஒரு பந்து. அதுவும் வெளியே விழுந்தால் அதற்கும் ஒன்று. தளர்ந்த நரம்பு பந்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது, கூடை காலியாகவே இல்லை. இருட்டுகிறவரை அடித்தாள். நரம்பு என்னதான் மெதுவாக இருந்தாலும் இத்தனை அடியை எந்தக் கை தாங்கும்? வலி திரும்பி வந்தது. இந்தத் தடவை முழங்கை வீங்கியிருந்தது. பேனா பிடித்தால் விரல் நடுங்கியது. பயிற்சியாளர் இரண்டு நாள் ஓய்வு கொடுக்கச் சொன்னார். அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் பேச்சு முழுக்க நின்றுவிட்டது. முன்பெல்லாம் இரண்டு மூன்று நாளில் இளகிவிடுவார். இந்தத் தடவை அது நீண்டுகொண்டே போனது. அம்மா ஏதாவது கேட்டால் அவர் அவளைத் தாண்டிப் பின்னால் இருக்கும் ஜன்னலைப் பார்த்தார். அவள் கண்ணாடிக் கடையில் இரண்டு லென்ஸை உடைத்தாள், முதலாளியிடம் திட்டு வாங்கினாள். ஒருநாள் அடுப்படியில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். திரும்பிப் பார்த்தால் தும்பி வாசற்படியில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

நல்லது செய்யப் போய் நானே பெண்ணின் கையை ஒடிக்கிறேன் என்று அம்மாவுக்குப் பட்டது. அதற்குமேல் அவளால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. முதலில் தும்பியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். "பந்து வெளிய போறது உன் தப்பு இல்லடி. நான் மாத்தின நரம்பு அப்படி. வலிக்கக்கூடாதுன்னுதான் மாத்தினேன். அதிகப்படியா அடிக்காம இருந்தா கை ஆறிடும்." அப்புறம் அம்மா கூடத்துக்குப் போய் அவரிடமும் சொன்னாள்.

அவர் மட்டையை எடுத்தார். கட்டைவிரலை வைத்தார். நரம்பு அமுங்கியது. வெள்ளை நாடாவை நிதானமாக உரித்து எடுத்து, உருட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தளர்ந்த கயித்துல என் பொண்ண தொங்க விட்டிருக்க," என்றார். குரல் உயரவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும்தான் அம்மாவுக்கு உண்மையாகவே பயம் வந்தது. அவர் கெட்டவராக இருந்தால் எதிர்த்து நின்றிருப்பாள். அவரோ பெண்ணைக் காப்பாற்றுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அவ கைய ஒரு தடவை பாருங்க."

"பார்க்கலாம். வண்டிய எடுக்கறேன். ரெண்டு பேரும் வாங்க."

கடையில் அவர் கோபம் எதையும் காட்டவில்லை. கடைக்காரரிடம் இரண்டு சுருளையும் எடுத்துவைக்கச் சொன்னார். இரண்டும் கறுப்பு. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"நான் ஒண்ணு சொன்னேன், உங்கம்மா ஒண்ணு செஞ்சா. ரெண்டு பேர் பேச்சும் வேணாம். ஆடறவ நீ, நீயே சொல்லு. நீ எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

அம்மாவுக்கு மூச்சு வந்தது. இதற்குமேல் அவர் என்ன இறங்கி வர வேண்டும்? தும்பிக்கு எல்லாம் தெரியும், எது வலிக்கும், எது வலிக்காது என்று அவளுக்குச் சொல்லியாயிற்று. கடைக்காரர்கூட மெது நரம்பை விரலால் லேசாக அவள் பக்கம் நகர்த்தினார்.

தும்பி சுருள்களைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வீங்கிய கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் பாலியஸ்டரைத் தொட்டாள்.

"இதுதான். முன்ன போட்ட அளவுக்கே இறுக்கிடுங்க."

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா," என்று அம்மாவிடம் சொன்னார். பத்து நாளுக்குமேல் ஆகியிருக்கும் அவர் அவளிடம் சிரித்த முகத்தோடு பேசி. தும்பியின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, புதுப் பந்து பார்க்கிறேன் என்று கடையின் உள்பக்கம் போனார். போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

அம்மா குனிந்து பெண்ணின் காதருகே கேட்டாள். "ஏன்டி இப்படிச் சொன்ன? நான்தான் அவ்வளவு சொன்னேனே. கை போயிடும்டி. அப்பாவே சரின்னு சொன்னாரே."

"வாயால சொன்னார்மா," என்றாள் தும்பி. பதினாலு வயதுக் குரலாகவே அது இல்லை. "கை வலிச்சா எனக்கு மட்டும்தான் வலிக்கும். பந்து வெளிய விழுந்தா உன்னோடயும் பேச மாட்டாரு."

உள்ளேயிருந்து அவர், "தும்பி, மஞ்சளா பச்சையா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். கடைக்காரர் மட்டையை இயந்திரத்தில் பொருத்தி, முதல் நரம்பைக் கோத்து, இழுக்க ஆரம்பித்தார்.