அஞ்சாம் மாத வளைகாப்பு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. எண்பதாம் வருடம் பெரம்பலூர் பஸ்ஸில், முன்சீட்டு அம்மா ஒருத்தி பக்கத்துப் பெண்ணிடம் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திருடிக்கொண்டு வந்தேன்: "வளைகாப்ப அஞ்சுலயே வச்சு அனுப்பிட்டாங்க, அப்பவே எனக்குத் தெரியும்." என்ன தெரியும் என்று சொல்வதற்குள் இறங்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை.

2

முதல் தொடக்கம்: 'வேப்பந்தட்டையில் மருமகள் ராசாத்தியின் இருமலை, மாமியார் பச்சையம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே...'

வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே மாமியாரைக் கூண்டில் ஏற்றியதாகிவிடும். (ஏற்றத்தான் ஆசை. வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். இருமலும் கூடவே போய்விடும்.) ஏழாம் மாதம் வைக்க வேண்டியதை ஏன் முன்னால் இழுத்தீர்கள் என்று பச்சையம்மாளையே கேட்டேன்.

"அஞ்சும் ஒத்தப்படைதானுங்க. ஏழுல கடலை புடுங்குற வேலை வந்துரும், யாருக்குங்க ஒழியும்?"

சரியான பதில். அவ்வளவு சரியாக இருந்ததால்தான் நான் நம்பவில்லை.

3

ஆண்டிமடத்தில் ராசாத்தியின் அம்மா கிருஷ்ணம்மாள். வளைகாப்பு முடிந்து வந்த மகளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது, நெஞ்சு குத்தியது, படுத்தால் மூச்சு முட்டியது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரியிடம் அம்மா சொன்னாள்:

"முந்திரிக்கொட்டை சுட்டோம்ல, அந்தப் புகை. மாசமா இருக்கறவளுக்கு மூச்சு வாங்கத்தான செய்யும்."

(அந்த ஊரில் இதை யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். கொட்டை சுட்டால் தெருவே இருமும். ஆனால் அன்று அந்த வீட்டில் யாரும் கொட்டை சுடவில்லை.)

காசநோய் என்று ஒரு வாய் சொன்னால் போதும், ராசாத்தியைத் திரும்ப அழைத்துப்போக யாரும் வர மாட்டார்கள். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போகவில்லை. எழுதுவது நானே என்றாலும் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது.

கணவன் முத்துசாமி எங்கே என்று கேட்பீர்கள். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் டீக்கடையில்தான் நிற்கிறான்.

4

உதடு நீலம் பாரித்த பிறகு அரியலூருக்குக் கொண்டுவந்தார்கள். தகவல் போய் மாமியாரும் வந்துவிட்டாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். டாக்டரம்மா இருவரையும் பார்த்தார்.

"பழைய இருமல்னா ஒரு மருந்து, புதுசா வந்த நிமோனியான்னா வேற மருந்து. தப்பா ஆரம்பிச்சா ரெண்டு உசுரும் தாங்காது. வளைகாப்புக்கு முன்னாடியே இருந்துச்சா, பின்னாடி வந்துச்சா?"

"பின்னாடிதாங்க," என்றாள் பச்சையம்மாள்.

"முன்னாடியே இருந்துச்சுங்க," என்றாள் கிருஷ்ணம்மாள்.

டாக்டரம்மா கட்டிலின் பக்கம் குனிந்தார். "நீ சொல்லும்மா."

5

முடிவு அ: 'முன்னாடி' என்கிறாள். வேப்பந்தட்டைக் கதவு அத்தோடு அடைபட்டுவிடும்.

முடிவு ஆ: 'பின்னாடி' என்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல் வைத்திருந்த பெற்றவள் ஊரில் தலைகாட்ட...

இரண்டையும் அடித்துவிட்டேன். இதில் ஒன்று உண்மை, மற்றது அவளையும் வயிற்றுப் பிள்ளையையும் கொன்றுவிடும். எது எதுவென்று ராசாத்திக்குத் தெரியும். ஆனால் அம்மாவும் மாமியாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்தவர் மனம் கோணாமல் பேசியே வளர்ந்த பெண். எனக்கு இப்போது அவள் மேலும் சந்தேகமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ஒரு சொல்லுக்குத்தான் அவளிடம் மூச்சு இருக்கிறது. உதடு பிரிகிறது. நான் எழுதப்போவதில்லை. நீங்களே காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். கேட்டதை டாக்டரம்மாவிடம் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.