அவன் வைத்துவிட்டுப் போன இரண்டு

ஒரு காட்டெருமைக்கு இரண்டு தோட்டா. அதற்கு மேல் எங்கள் காட்டு அலுவலகம் தராது. என் இரட்டைக்குழல் துப்பாக்கியின் வலது குழலுக்கு ஈயமுனைத் தோட்டா, இடதுக்குக் கெட்டித் தோட்டா என்று பொறுக்கினேன்.

"ரெண்டும் கெட்டியா எடு தங்கச்சி. ஈயம் எலும்புல பட்டு நசுங்கிடும்," என்றார் தடம் பார்க்கும் மவூட்டோ.

"முத குண்டு நிதானமா நெஞ்சப் பாத்துச் சுடுவேன். உள்ள போயி விரியட்டும். பாய்ஞ்சு வந்தாத்தான் கெட்டி."

இரட்டைக்குழல்காரர்கள் சட்டென்று மாற்றிப் போட இடக்கை விரலிடுக்கில் உபரியாக இரண்டு தோட்டா வைத்திருப்பார்கள். என்னுடையவை என் கணவன் திச்சாஃபா கொடுத்தவை. "நான் வர்ற வரைக்கும் சுடாம வெச்சிரு" என்று சொல்லிவிட்டு ஜொகன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போனவன். நாலு வருஷமாக ஒரு கடிதம் இல்லை. தோல்வாரில் கிடந்தால் பித்தளை பச்சை பிடிக்கும் என்று ஞாயிறுதோறும் துடைக்கிறேன். துடைக்கும்போது அவன் உள்ளங்கைச் சூடு நினைவுக்கு வந்து தொலைக்கும். வெட்கங்கெட்ட மனசு.

"புருஷனக் குளிப்பாட்டியாச்சா?" என்று என் விரலிடுக்கைப் பார்த்துச் சிரித்தார் மவூட்டோ.

"வாய மூடிட்டு நடங்கண்ணே."

நாங்கள் தேடிப்போன எருமை, கண்ணிக் கம்பி அறுத்த காலோடு, முந்தாநாள் சோளக்காட்டில் ஓர் ஆளைக் குத்திக் கொன்றிருந்தது. மத்தியானம் மொபானே புதரில் அதைக் கண்டோம். ஈயமுனை நெஞ்சில் இறங்கியது. எருமை நொண்டிக்கொண்டே மவூட்டோவை நோக்கித் திரும்பியது. கெட்டித் தோட்டா தோளை உடைத்தும் நிற்கவில்லை. யோசிக்க நேரமில்லை. குழலை மடித்து, விரலிடுக்கிலிருந்து ஒன்றைத் திணித்துச் சுட்டேன். மவூட்டோவின் செருப்புக்கு நாலடி முன்னால் எருமை சரிந்தது.

"இன்னொண்ணு போடு," என்றார், மூச்சு வாங்க.

"செத்துருச்சுண்ணே."

"செத்துருச்சுன்னு நெனைக்கிற எருமைதான் ஆளக் கொல்லும். ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். விழுந்ததன் மேல் இன்னொரு குண்டு போடாமல் சாம்பேசிப் பள்ளத்தாக்கில் யாரும் கிட்டே போவதில்லை. ஆனால் இதுவும் போனால், அவன் வந்து கேட்கும்போது எதைக் காட்டுவேன்?

"நீங்க தள்ளி நில்லுங்க. நான் கிட்டப் போயிப் பாக்குறேன்."

மவூட்டோ இப்போது சிரிக்கவில்லை. வழியை மறித்து நின்றார்.

"வர்றவன் தோட்டா இல்லாட்டியும் வருவான், தங்கச்சி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த அவன் தோட்டாவைத் திணித்துச் சுட்டேன். எருமை அசையவே இல்லை. அது முன்பே செத்திருந்தது.

குழலை மடித்ததும் வெற்றுப் பித்தளை காலடியில் விழுந்தது. எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். அதன் சூடு ஆறும்வரை கையைத் திறக்கவில்லை.