ஒரு பவுண்டு விசை

எங்கள் வேட்டை கேம்ப்பில் ஒரு சட்டம் உண்டு. மானைச் சுட்டுக் குறி தப்பினவனின் சட்டைப் பின்பக்கத்தைக் கத்தரியால் வெட்டி, பேரும் தேதியும் எழுதிச் சுவரில் அறைந்துவிடுவோம். என் சட்டைத் துண்டு மட்டும் ஏழு தொங்குகிறது. என் அண்ணன் ஆர்வில்லுடையது முப்பத்தோரு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தத் திமிர் அவனுக்கு நிறையவே உண்டு.

போன மார்ச்சில் அவன் கைகளில் நரம்பு நோய் புகுந்தது. முதலில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பிறகு காப்பிக் கோப்பை நழுவியது. டாக்டர் இன்னும் இரண்டு வருஷம் இருப்பான் என்றார். அதையும் தயங்கித்தான் சொன்னார். ஆர்வில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"இந்த சீசன்ல ஒரு மான நானே சுடணும், டெல்மர். நீ அழுத்த, நான் சும்மா தொட்டுக்கிட்டு நிக்கிற நாடகமெல்லாம் வேணாம்."

"சுடலாம். துப்பாக்கிய உன் கைக்கு ஏத்த மாதிரி மாத்திடறேன்."

பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டேன். துப்பாக்கியைத் தோளில் முட்டுக் கொடுக்கிற கனத்த வால்நட் மரக் கட்டையைக் கழற்றிவிட்டு லேசான கட்டை போட்டேன். பின்னால் ஒரு அங்குலம் அறுத்து ரப்பர் மெத்தை வைத்தேன். கன்னம் சாய்க்க ஒரு திண்டும் வைத்தேன். சுடுவதற்கு விரலால் இழுக்கிற பழைய விசைக்கு ஐந்து பவுண்டு பலம் வேண்டும். புதிதாக வாங்கின விசையில், திருகாணியைத் திருகினால் பலம் குறையும். ஜூலையில் இரண்டரை பவுண்டு வைத்தேன். ஆர்வில் குண்டு போடாத துப்பாக்கியின் விசையை இழுத்துப் பார்த்துச் சிரித்தான். செப்டம்பரில் அதையும் இழுக்க முடியவில்லை. அக்டோபரில் இன்னும் குறைத்தபின், விசையில் மாட்டி இழுத்த வில்தராசு ஒரு பவுண்டு காட்டியது.

"இன்னும் கொஞ்சம் திருகு."

"இதுக்குக் கீழ போனா தரையில தட்டினாலே வெடிச்சிடும். என் காலு எனக்கு வேணும்."

"அந்தக் கால வெச்சு நீ என்னத்தக் கிழிச்ச? ஏழு மான் தப்பிச்சு ஓடிருக்கு."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசைக்குத் திருகாணி இருக்கிறது, விரலுக்கு இல்லை. அது ஜூலையிலேயே தெரிந்திருக்க வேண்டிய மடையன் நான்.

நவம்பர் கடைசி, சீசனின் முதல் நாள் காலை. விழுந்து கிடந்த மரத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏழரை மணிக்கு எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு ஆண்மான் வந்து, அறுபது கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. நான்கூடத் தப்பவிட மாட்டேன். துப்பாக்கி தரையில் ஊன்றின கவட்டைக் குச்சியின் மேல் இருந்தது. கட்டை அவன் கன்னத்தில் அப்படியே பொருந்தியிருந்தது. விரல் விசைமேல் இருந்தது.

விரல் அசையவில்லை. அவன் முகம் சிவந்தது, கண்ணில் நீர் கோத்தது. மான் நிதானமாகச் சருகைக் கிளறி ஓக் கொட்டை தின்றது. நாலு நிமிஷம் இருக்கும். நான் கை நீட்டவில்லை. அதுதான் அவன் கேட்டது. பிறகு மான் மேடேறிப் போய்விட்டது.

"ஒரு வெடி போடு," என்றான்.

"எதுக்கு?"

"தப்பவிட்டேன்னு சொல்லிக்கிறேன். இழுக்க முடியலன்னு சொல்ல என்னால ஆகாது."

அவன் துப்பாக்கியை வாங்கி எதிரே இருந்த மேட்டு மண்ணில் சுட்டேன். தொட்டதுமே வெடித்தது. அந்த விசையைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

சாயங்காலம் கேம்ப்பில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"காலைல மேட்டுப் பக்கம் சுட்டது யாரு?" என்று கேம்ப் தலைவர் ஷூமேக்கர் கேட்டார்.

"நான்தான். அறுபது கஜம். தப்பிடுச்சு," என்றான் ஆர்வில்.

ஷூமேக்கர் யாரையும் சும்மா விடுகிற ஆள் இல்லை. போன வருஷம் நான் துப்பாக்கியைக் குறை சொன்னதற்கு, 'ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்' என்று மூன்று நாள் ஓட்டினார். இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "பரவால்ல ஆர்வில். குளிரு அப்படி," என்றார். யாரோ அவன் பக்கம் ரொட்டியை நகர்த்தினார்கள்.

"கத்தரி எங்க?" என்றான் ஆர்வில்.

"விடுப்பா. நல்ல சட்டை," என்றார் ஷூமேக்கர்.

"சவப்பெட்டிக்குள்ள போட்டுக்கிட்டுப் படுக்கவா வெச்சிருக்கேன்?"

ஒருவரும் தலை நிமிரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் ஆணியிலிருந்த கத்தரியை எடுத்து வந்து, அவன் கால்சட்டைக்குள்ளிருந்து சட்டையின் பின்பக்கத்தை வெளியே உருவினேன். தடுக்க அவனுக்குக் கை இல்லை. முகத்தை மட்டும் திருப்பினான்.

"நீ வேணாம்டா," என்றான் மெதுவாக. "உனக்கு நெசம் தெரியும்."

கத்தரியை ஆணியில் திரும்ப மாட்டினேன். உருவின சட்டையை மறுபடி அவன் கால்சட்டைக்குள் நானே செருகிவிட்டேன். அதுவும் அவனால் முடியாது.