கேள்வி இன்னும் முடியல

கோரினுக்குத் தெரியாத பாடம் இல்லை. வயிற்றெரிச்சலே அதுதான். ஒன்றும் தெரியாமல் பெயிலானாலாவது மனசு ஆறும். இவள் தொண்டை, நாக்கு, மூளை எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு தடவை கோட்டை விட்டிருக்கிறாள்.

பேச்சு சிகிச்சையாளர் சான்றிதழ் தேர்வு. காலேஜ் முடிந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஒரு வருஷப் பயிற்சியும் முடிந்தது. பாக்கி இது ஒன்றுதான். வருகிற சனிக்கிழமையும் ஊத்திக்கொண்டால் லூயிவில் நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று வைத்திருக்கும் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். பாஸானால் கோடையிலேயே அங்கே வீடு பார்த்து, ட்வைட்டைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விடலாம்.

ட்வைட் வருவதாகச் சொல்லியாயிற்று. அதாவது, அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். போன மாதம் ஆற்றங்கரையில் சரக்குப் படகு போவதைப் பார்த்துக்கொண்டே, "லூ... லூயிவில்லுக்கு நா... நான்..." என்று அவன் ஆரம்பித்தான். "வரேன்னுதானே சொல்ற! எனக்குத் தெரியுமே!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள் கோரின். அவன் மறுபடியும் படகைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். திக்குகிற மனுஷனை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும் என்று அவன் வாக்கியத்தை முடித்துக் கொடுப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அன்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

ட்வைட் டயர் கடையை மூடிவிட்டுச் சாயங்காலம் பெர்னீஸின் மீன் சாப்பாட்டுக் கடைக்கு வருவான். இவள் கேள்வி அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவருவாள். அவன் கேட்க, இவள் பதில் சொல்ல, தினமும் இதே கூத்து.

"என்ன தம்பி சாப்பிடுற?" என்று அன்றைக்கு பெர்னீஸ் கேட்டாள்.

"எ... எனக்கு..."

"பொரிச்ச கெளுத்தி, சோளமாவு உருண்டை, ஐஸ் டீ," என்றாள் கோரின்.

"உன்னையா கேட்டேன் கண்ணு? அவனுக்கு வாய் இல்லியா?"

"இருக்கு. பசியும் இருக்கு. சீக்கிரம் கொண்டா பெர்னீஸ்."

பெர்னீஸ் உதட்டைச் சுழித்துக்கொண்டு உள்ளே போனாள். கடையில் வேறு ஆளில்லை. ட்வைட் முதல் அட்டையை எடுத்தான். "ப... பக்கவாதம் வந்த பெரியவர். தண்ணி குடிச்சா இருமுறார். பேச்சு கு... குழறுது. நீங்க வார்டுக்கு..."

"போறேன். மொதல்ல விழுங்குறது எப்படி இருக்குன்னு பாப்பேன்!"

"கேள்வி அ... அது இல்ல. 'எதைச் செய்யக் கூ... கூடாது'ன்னு கேக்குறான்."

"அடச்சே! 'கூடாது'ங்கறதக் கடைசியில கொண்டுபோய் வைக்கிறானே, அவன் வெளங்குவானா?"

அடுத்ததும் போச்சு. அதற்கடுத்ததும் போச்சு. அட்டையில் கொடுத்திருந்த நாலு விடையும் சரியாகத்தான் தெரிந்தது, அவள் பொறுக்கிச் சொன்னது மட்டும் தப்பாக இருந்தது. மண்டை காய்ந்து, எது முதல் எது பின் என்று எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிட்டது. "எனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ட்வைட் எதையோ சொல்ல வாயெடுத்தான். "ஆறுதல் சொல்லாத. அடுத்தத எடு," என்றாள்.

அடுத்த அட்டையைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது. அதைக் கட்டுக்கு அடியில் தள்ளப் போனவனை, சாப்பாட்டுத் தட்டோடு வந்த பெர்னீஸ் பிடித்துக்கொண்டாள். "என்னத்த ஒளிக்கிற? படி."

"தி... திக்கிப் பேசுற ஒருத்தரோட ம... ம..."

"மாமியார்!" என்றாள் கோரின்.

"ம..."

"மகன்! மருமகன்!"

"மனைவி," என்று முடித்தான் அவன். "அவர் பேசி மு... முடிக்கிறதுக்குள்ள தானே முடிச்சுடுறா. அவளுக்கு நீங்க மொ... மொதல்ல என்ன சொல்லுவீங்க?"

கோரினுக்கு முகம் மலர்ந்தது. இது தண்ணி பட்ட பாடு. "குறுக்க பேசக் கூடாது. வார்த்தைய எடுத்துக் குடுக்கக் கூடாது. கண்ணப் பாத்து, அவர் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். சரியா?"

"ச... சரி."

தட்டை மேசையில் வைத்துவிட்டு பெர்னீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் இந்தப் பொம்பளை என்று கோரின் திருதிருவென்று விழித்தாள். ட்வைட்டைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

"நான் அப்படியா பண்றேன்?"

"கோ... கோரின், லூ... லூயிவில்லுக்கு..."

அவள் வாய் தானாகத் திறந்தது. பெர்னீஸ் அவள் தோளை ஓர் அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். கோரின் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கெளுத்தி ஆறிக்கொண்டிருந்தது.

"...நான் வ... வரல. அன்னிக்கும் அ... அதத்தான் சொல்ல வந்தேன். எனக்குக் கடை இங்க, ஆ... ஆறு இங்க. நீ பெயிலாகணும்னு ச... சர்ச்சுல வேண்டிக்கிட்டேன்."

அடப்பாவி! கோரினுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. "அப்ப எதுக்குடா தினமும் வந்து கேள்வி கேட்ட? வேடிக்க பாக்கவா?"

அவன் பதில் சொல்ல ஆரம்பித்தான். சிக்கிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது. அவளுக்கு உதவியாக ஒரு வார்த்தையும் தோன்றவில்லை. இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. அவனோடு பழகிய இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"ரெ... ரெண்டு தரம் நீ அழுததப் பாத்துட்டேன்," என்றான். "மூ... மூணாந்தரம் என்னால மு... முடியாது. வே... வேண்டுதல நிறுத்திட்டேன். நீ போனாலும் ப... பரவால்ல, பாஸாகு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இவன் வரமாட்டான். இவனை விட்டு அவளால் போகவும் முடியாது, வேலையை விடவும் முடியாது. எதை முதலில் செய்வது? நாலு விடையும் சரியாகவும் நாலும் தப்பாகவும் தெரிந்தது.

"ட்வைட், நான்... சனிக்கிழமைக்கு அப்புறம் நான்..." என்று தொடங்கியவளுக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மறுபடியும் "நான்..." என்றாள்.

அவன் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. அட்டையை மேசையில் வைத்துவிட்டு, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.